அவித்த இலையில் வைத்த தேத்தண்ணி

தேயிலை பெக்டரியில் இலை கசக்கும் மெசினில் வேலை பார்த்த என் சித்தப்பாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். லிந்துலையிலிருந்து பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள் என்றதும், கடைத் தூள் வேண்டாம், என் கையாலேயே தூள் செய்து தேத்தண்ணி தருகிறேன் என்று தரகரிடம் சவால் விட்டுவிட்டார். ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் மனுசன் கலியாணமே வேண்டாமென்று கொழும்புக்குக் கிளம்பிவிடுவார் என்று அம்மாவுக்குப் பயம்.

முதல் நாளே கொழுந்தை உலர்த்தி வாடவிட்டார். காலையில் பலகையில் போட்டுக் கசக்கிச் சுளகில் பரப்பி, ஈரத்துணியால் மூடினார். ஒன்பது வயதான என்னைக் காவலுக்கு வைத்தார்.

“செம்பு நெறம் வர்ற வரைக்கும் பாத்துக்க. கைய மட்டும் வச்சிராத.”

சொல்லிவிட்டு விருந்தாளிகளை அழைத்துவர ரோட்டுக்குப் போனார். அம்மா வருகிறவர்கள் உட்காரக் கதிரை இரவல் வாங்கப் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தார். வெளியே ஒரே பனி. துணியைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறேன், இலை பச்சையாகவே கிடக்கிறது. பாவம், குளிரில் விறைத்துவிட்டது என்று நினைத்தேன். அடுப்பில் இட்லிச் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. இலையை அள்ளி இட்லித் துணியில் போட்டு நன்றாக அவித்து எடுத்தேன்.

உயர்தர வகுப்பில் நொதியம் பற்றிப் படித்தபோதுதான் நான் செய்த கொலை எனக்கே தெரிந்தது. கசக்கும்போது இலைக்குள் தனித்தனியாக இருந்த நொதியமும் சாறும் கலக்கின்றன. அந்த நொதியம் கண்டதையெல்லாம் தொடாது. தன் வடிவத்துக்குப் பொருந்துகிற பொருளைத்தான் பிடித்துச் சிவக்க வைக்கும். குளிரில் சோம்பிக் கிடக்கும், இளஞ்சூட்டில் சுறுசுறுப்பாகும். வெந்துபோனாலோ அதன் வடிவமே கெட்டுவிடும். பிறகு எவ்வளவு ஆறவைத்தாலும் எழும்பாது.

வந்த சித்தப்பா இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாசலில் ஆட்கள் நின்றதால் என் முதுகு தப்பியது. ‘ஒங்க தேத்தண்ணிய குடிக்கத்தான் வந்தோம்’ என்று அவர்கள் வேறு சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார்கள். வேறு வழியில்லாமல் இலையைத் தாச்சியில் வறுத்துக் காய்ச்சி ஊற்றினார். கீரை அவித்த தண்ணீர் போல இருந்தது.

பெண்ணின் அப்பா பெக்டரியிலேயே தலை நரைத்தவர். ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கோப்பையையே பார்த்தார்.

“யாரு தம்பி இதப் பக்குவம் பண்ணுனது?”

“நாந்தாங்க. சூடு காட்டிட்டேன். வேற யாரும் தொடல.”

அவர் கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார். என் கையில் இட்லித் துணி பச்சைக் கறையோடு இருந்தது. சிரித்துக்கொண்டே மிச்சத்தையும் குடித்து முடித்தார்.

“தங்கச்சி, ஒங்க கொழுந்தனுக்குத் தூளு செய்ய வராது. ஆனா பொண்ணக் குடுக்கலாம்” என்றார் அம்மாவிடம்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் ஒரு வாரம் சித்தப்பாவோடு பேசவேயில்லை. பெண் கிடைத்ததே என் தேத்தண்ணியால், அதைப் போய் அத்தனை பேர் முன்னால் தானே செய்ததாகச் சொல்லிப் பேர் வாங்கிக்கொண்டாரே என்று எனக்கு அப்படியொரு கோபம்.