காது நுனி இரத்தம்

மாடுகளுக்கு வரும் உண்ணிக் காய்ச்சலை ஆராய நுவரெலியாவிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த மாட்டு வைத்தியர் அவர். யாழ்ப்பாணத்துக்காரர். ஓரிடத்தில் நிற்காத கால்கள். மாட்டின் காது நுனியில் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, அது காயும்வரை விசிறிபோல வீசிக்கொண்டே எங்கள் லயத்து வீடுகளின் வாசலில் நடப்பார்.

தோட்டத்துத் துரை சீமையிலிருந்து தருவித்த இரண்டு பசுக்கள் இரத்தமாக மூத்திரம் பெய்து அந்த வாரம்தான் செத்திருந்தன. என் பசுவோ உடம்பெல்லாம் உண்ணியோடு அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"இது வாங்கின மாடோ, இங்க பிறந்ததோ?" என்று கேட்டார்.

"இங்கதாங்க பொறந்துச்சு. அதோட தாயும் இங்கதாங்க."

"அதுதான் தப்பி நிக்குது. கன்றிலேயே உண்ணி கடிச்சுப் பழகின உடம்பு."

நான் சொன்னதை அப்படியே கொப்பியில் எழுதிக்கொண்டார்.

என் சட்டைப் பைக்குள் பிரஜாவுரிமைக் கடிதம் கிடந்தது. எனக்குப் பிரஜாவுரிமை தர, அப்பா இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டு மூன்றாவது முறையாக வந்திருந்தது. நான் அந்தக் கடிதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி நின்றேன். அவர் கண்ணாடியை வீசிக்கொண்டே அடுத்த தொழுவத்துக்கு இறங்கினார். திரும்பி வந்து மாட்டுக்கும் அத்தாட்சி கேட்பாரோ என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கேட்கவேயில்லை.