டம்டம் பாறைக்கு ஒரு வளைவு முன்னால்

மகேஸ்வரி போய்விட்டாள். காலையில் காலேஜ் வாட்ஸப் குரூப்பில் பார்த்தேன்… வரிசையாகக் கும்பிடும் கைகள். நான் மட்டும் எதுவும் போடவில்லை.

பி.எஸ்சி. மூன்று வருஷமும் ஒரே பெஞ்ச். எண்பதுகளின் தொடக்கம். அவள் பழங்காநத்தம், நான் கோச்சடை. இரண்டு வீட்டிலும் காலேஜ் போன முதல் ஆள் நாங்கள்தான்.

சைக்கிளில் ஏற்றம் ஏற எனக்குக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். பசுமலை ஏற்றத்தில் நான் பாதியில் இறங்கித் தள்ளினால் கத்துவாள். "ஏ கோச்சடக்காரி, அம்புட்டுத்தானா? சீட்டு என்ன ஒங்க வீட்டு நாற்காலியா? எந்திரிச்சு நின்னு மிதி புள்ள!"

கடைசி வருஷம் எங்கள் காலேஜும் ஓர் ஆண்கள் காலேஜும் சேர்ந்து சைக்கிள் பயணம். முதல் நாள் வத்தலக்குண்டு வரை சமவெளி. மறுநாள் கொடைக்கானல் மலைப்பாதையில் டம்டம் பாறை வரை… கியர் இல்லாத லேடீஸ் சைக்கிளில்.

ஜீப்பில் ஏறாமல் முதலில் மேலே சேரும் பெண்ணுக்கு டெல்லி முகாம். ஒரே ஓர் இடம்.

நான் அதுவரை ரயிலில்கூட ஏறியதில்லை. டெல்லி என்றதும் அப்பா மறுக்காமல் தலையாட்டியதை இன்றும் நம்ப முடியவில்லை.

ஒவ்வொருத்தியாக ஜீப்பில் ஏறி மேலே போய்விட்டார்கள். மிச்சம் நானும் மகேஸ்வரியும்தான். நான் முன்னால். தொடை நடுங்குகிறது, ஹேண்டில்பார் வேர்வையில் வழுக்குகிறது… "நீ போ புள்ள, பின்னாலயே வாரேன்" என்றாள்.

இன்னும் ஒரே ஒரு கொண்டை ஊசி வளைவு. கீழிருந்து ஜீப் மறுபடி வந்து என் பக்கத்தில் நின்றது. எங்களை அழைத்து வந்த லெக்சரர் மேடம், டிரைவர். பின்னால், சைக்கிளைத் தூக்கிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்த மாணவர்கள் நாலு பேர்.

"ஏறும்மா. நீ வீட்டுக்குத் தூரமாமே, மகேஸ்வரி இப்பத்தான் சொன்னா. இந்த நேரத்துல இப்படி மிதிக்கலாமா?"

மேடம் மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் பையன்கள் சட்டென்று பள்ளத்தாக்கைப் பார்த்தார்கள்.

"இல்ல மேடம்…"

"என்ன இல்ல? இதுல என்ன வெக்கம்? ஏறு."

பொய். அது என் விலக்கு நாளே இல்லை. ஆனால் ஐந்து ஆண்கள் முன்னால் அதைப் பொய் என்று எப்படிச் சொல்வது? என்னால் முடியாது என்று அவளுக்குத் தெரியும். மூன்று வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தவள் இல்லையா.

ஏறிவிட்டேன்.

அரை மணி கழித்து அவள் மிதித்தே வந்து சேர்ந்தாள். கைதட்டினார்கள். நேராக என்னிடம் வந்து, எல்லோர் காதிலும் விழும்படி, "இப்ப எப்படி இருக்கு புள்ள?" என்றாள்.

"பரவாயில்ல…" அதையும் நானே சொன்னேன்.

டெல்லியிலிருந்து வளையல் வாங்கி வந்தாள். போட்டுக்கொண்டேன். என் கல்யாணத்தில் இரண்டு நாள் ஓடியாடி வேலை பார்த்தாள். காலேஜ் தோழிகள் கூடும்போதெல்லாம் "இவ பாதியில ஜீப்பு ஏறிட்டா" என்று சிரிப்பாள். நானும் சிரிப்பேன்.

கேட்டுவிடலாம் என்று எத்தனையோ தடவை… போன தீபாவளிக்குக்கூட போன் செய்தேன். முறுக்கு மாவுப் பக்குவம் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

மேடம் இதைப் படிப்பாரா தெரியாது. அந்த நாலு பேரில் யாராவது படிக்கலாம். அன்று நான் வீட்டுக்குத் தூரம் இல்லை. நன்றாக இருந்தேன். அந்த வளைவை ஏறியிருப்பேன்.

சாயங்காலம் மாலையோடு வாரேன், மகேசு. கோபத்தோடதான் வாரேன்.