முடியலன்னு சொன்னால் போதுமா?

வெள்ளிக்கிழமை பிரியாணிக்குக் கூப்பிட்டபோது, என்னோடு வேலை செய்யும் எரிக் "ஒர்க்கார் இன்தெ" என்றான். 'முடியவில்லை.' காரணம் சொல்லவில்லை. ஸ்வீடனின் மால்மோ நகரத்தில் யாரும் கேட்பதுமில்லை. எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை. மிளகு ரசம் வைத்து, பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு அவன் வீட்டுக்கே போய்விட்டேன். கதவைப் பாதி திறந்தவன், "ஏதாவது பிரச்சனையா?" என்றான். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. ரசத்தை வாங்கினான், நன்றி சொன்னான், கதவைச் சாத்தினான். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

சென்னையில் எங்கள் காலடிப்பேட்டையில் 'முடியல' என்று வாய் தவறிச் சொன்னாலும் போதும், தெருவே ஆட்டோவோடு வந்து நிற்கும். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அப்பா அதற்குப் பயந்தே காய்ச்சலை மறைப்பார்.

அகராதியைப் புரட்டினேன். 'ஒர்க்கா' பழைய வட ஐரோப்பிய மொழிகளில் உழைப்பதையும் குறித்ததாம். ஆங்கில 'ஒர்க்' அதற்குப் பங்காளி. உழைப்பில் பிறந்த சொல் இன்று உடம்பிலும் மனதிலும் தெம்பு இருக்கிறதா என்று கேட்கிறது. இல்லை என்றால் இல்லை, அவ்வளவுதான். மெல்ல மெல்ல அந்தச் சொல் எனக்குப் பிடித்துப்போனது. அங்கேதான் வந்தது வினை.

தை மாதம் அக்கா மகள் கல்யாணம். நான் ஒரே தாய்மாமன். லீவு இருக்கிறது, பணமும் இருக்கிறது. ஆனால் அந்தக் கூட்டமும், 'எப்போ திரும்பி வர்றே' என்ற கேள்வியும் நினைத்தாலே அலுப்பு. போனில், "முடியலக்கா" என்றேன்.

"இன்னாடா, ஒடம்புக்கு இன்னா?"

"ஒடம்பு நல்லாத்தான் கீது. மனசுக்குத்தான் முடியல."

"மனசுக்கு எவனுக்குடா முடியுது? மாமன் மாலை போடாம பொண்ண எப்டி மணையில குந்த வெக்கிறது?"

போனை வைத்துவிட்டாள். நான் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன்.

மறுநாள் மாலை அழைப்புமணி அடித்தது. வாசலில் முன்பின் தெரியாத ஒருவர், கையில் தூக்குவாளி.

"நான் பாஷா, ராயபுரம். கடல் பாலத்துக்கு அந்தாண்ட கோபன்ஹேகன்ல கீறேன். உங்க அக்கா வூட்டுக்காரரு நம்ம தோஸ்து. உனக்கு முடியலன்னு அக்கா ஒரே அழுவ. கஞ்சி எட்த்தாந்தேன்."

"ஏதாவது பிரச்சனையா?" என்று என் வாய் கேட்டது.

அவர் சிரித்தார். "இன்னா மாமு, வாசல்லயே நிக்க வெச்சுட்டே? டிக்கெட் போட்டியான்னு வேற கேக்கச் சொல்ச்சு அக்கா."

கஞ்சி வாசனை உள்ளே வந்துவிட்டது. கதவு பாதிதான் திறந்திருந்தது. பிடியிலிருந்து என் கை இன்னும் விலகவில்லை.