பேட்டரி வாங்காத வருஷம்

காரை வைத்துக்கொண்டு செலவில்லாமல் காலம் தள்ளுவது எப்படி என்று கேட்டால், சித்தூரில் ஒரு காலத்தில் என்னைத்தான் கை காட்டுவார்கள். கேலியாகத்தான் காட்டினார்கள். எனக்கு அது கேலியென்று உறைக்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன்.

ஆந்திரம் தனி ராஜ்யமாகி, எங்கள் ஜில்லா அதோடு சேர்ந்து, எல்லையோரத்தில் எந்த ஊர் எந்தப் பக்கம் என்ற இழுபறி தீராமல் இருந்த வருஷங்கள் அவை. நான் சித்தூர் கோர்ட்டில் வக்கீல். நகரிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் முதலில் படித்துக் கறுப்புக் கோட்டு மாட்டியவன். அதனால் விஜயபுரம், சத்தியவேடு பக்கத்துத் தமிழ்க் கிராமங்கள் "எங்களை மதராஸோடு சேருங்கள்" என்று மனுப் போட வேண்டுமென்றால் என்னைத் தேடி வந்தன. மனு எழுதியதில் பெயர் வந்தது. ஃபீஸுக்குப் பதில் கத்தரிக்காயும் வேர்க்கடலையும் வந்தன.

கார் இல்லாத வக்கீலைக் கட்சிக்காரன் மதிக்கமாட்டான் என்று என் சீனியர் அடிக்கடி சொல்வார். ஊர் மாற்றலாகிப் போன ஒரு என்ஜினீயரிடம் பழைய சீமைக் கார் ஒன்றை வாங்கிவிட்டேன். கார் வாங்க ஒரு தடவை துணிந்தால் போதும், வைத்துக்கொள்ளத் தினமும் துணிய வேண்டும் என்பது வாங்கின பிறகுதான் தெரிந்தது.

இறக்கம் வந்தால் இன்ஜினை அணைத்துவிடுவேன். திருப்பதி மலையிலிருந்து இறங்கும்போது மேலே அணைத்தால் அடிவாரம் வரை ஒரு சொட்டு பெட்ரோல் செலவில்லை. பிரேக் தீய்ந்து நாறும். பக்கத்தில் என் மனைவி கதவை இறுகப் பிடித்துக்கொண்டு கோவிந்தா, கோவிந்தா என்பாள். பிரேக் தேய்ந்தால் அதுவும் செலவுதான் என்கிற சின்னக் கணக்கு எனக்கு ஏறவில்லை. பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்தேன். பின்னால் வருகிறவன் இருமிக்கொண்டே வந்தான். வெளியே எடுத்த பழைய இன்ஜின் ஆயிலை அவளுடைய பழைய புடவையில் வடிகட்டித் திரும்ப ஊற்றினேன். டயர் கிழிந்தால் உள்ளே வேறொரு டயர்த் துண்டை வைத்து ஓட்டினேன். வண்டி திக்கித் திக்கி நொண்டும். வாசலில் காராக நின்றால் போதும், அதுதான் கட்சிக்காரன் கண்ணில் படும் என்பது என் நினைப்பு.

அந்த வருஷம் பேட்டரி போய்விட்டது. பொத்தானை அழுத்தினால் உள்ளே லொட்டென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மெக்கானிக் புதுசு போடச் சொன்னான். விலையைக் கேட்டுவிட்டு எழுந்து வந்தேன். முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றினால் கிளம்பத்தான் செய்தது. ஒரு நாள் அது எதிர்த்து அடித்து என் வலது மணிக்கட்டை முறுக்கிவிட்டது. பேனா பிடிக்கிற கையாயிற்றே. அன்றோடு ஹேண்டிலை டிக்கியில் போட்டுவிட்டு, தள்ளிக் கிளப்புகிற வழிக்கு வந்தேன். வண்டி உருளும்போது கியரில் விட்டால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டபின் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அணையும், அணைந்தால் மறுபடி தள்ள வேண்டும். அதனால் இன்ஜின் உறுமியதும் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு அப்படியே போய்விடுவேன். போகிற இடத்தில் ஏரிக்கரையோ மேடோ பார்த்து நிறுத்துவேன். இறக்கம் இல்லாத ஊர் எனக்குப் பிடிக்காமல் போனது அப்போதுதான்.

முதல் வாரம் தெருவே வந்து தள்ளியது. இரண்டாம் வாரம் என் கார்க் கதவுச் சத்தம் கேட்டால் எதிர்வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. பக்கத்து வீட்டுத் தெலுங்கு வாத்தியார் பூஜையை நீட்டிப் பார்த்தார், ஸ்கூலுக்கே முன்னதாகப் போய்ப் பார்த்தார். ஒரு மாதம் கழித்து ஒருத்தர்கூட மிஞ்சவில்லை.

"நான் தள்றேன், நீங்க ஏறி உக்காருங்க" என்றாள் என் மனைவி. "எங்க ஊர்ல சேத்துல மாட்டுன கட்ட வண்டியவே தள்ளிக்கினு வந்திருக்கோம். இது இன்னா பெருசு?"

விஜயபுரம் பக்கத்துப் பெண். பலமான கைகள். புடவையை வரிந்து கட்டிக்கொண்டு டிக்கியில் இரண்டு கையையும் ஊன்றுவாள். எங்கள் தெரு லேசான சரிவுதான், ஆனால் அந்த முதல் பத்தடி சமதளம். அந்தப் பத்தடியை அவள்தான் தள்ள வேண்டும். வக்கீல் வீட்டம்மா நடுத்தெருவில் கார் தள்ளுகிறாள் என்று ஊர் பேசியிருக்கும். என் காதுக்கு வரவில்லை, வந்திருந்தாலும் விட்டிருக்கமாட்டேன். ஒரு பேட்டரி மிச்சமாயிற்றே.

கல்யாணமாகி ஏழு வருஷம் எங்களுக்குக் குழந்தையில்லை. ஏறாத கோயில் இல்லை. பிறந்தால் முதல் முடி ஏழுமலையானுக்கு என்று வேண்டிக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் கரு தங்கியது. மூன்று மாதம் யாரிடமும் சொல்லவில்லை. நான்காம் மாதம் தாய்வீட்டுக்குச் சொல்லி அனுப்பினோம். அவள் அம்மா வந்து, முகத்தைப் பார்த்துப் பையன்தான் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"இனிமே தள்ள வாணாம்" என்று நான் சொன்னேன். சொன்னேன் என்பது உண்மை. சொல்லிவிட்டு வேறு ஏற்பாடு செய்தேனா என்றால், இல்லை. ஒரு வாரம் தெருவில் போகிற வருகிறவர்களைக் கெஞ்சினேன். பிறகு அவளே மெல்ல வந்து பின்னால் நின்றாள். நான் கண்ணாடியில் பார்த்தேன், இறங்கவில்லை. "மெதுவா, மெதுவா" என்று மட்டும் சொன்னேன். என்னை நினைத்தால் எனக்கே காறித் துப்பத் தோன்றுகிறது.

ஐந்தாம் மாதம் அது நடந்தது. எல்லை விஷயமாக ஒரு பெரிய அதிகாரி புத்தூருக்கு வருகிறார், கிராமத்தார் தங்கள் மனுவை நேரில் கொடுக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். மூன்று கிராமத்துக் கைநாட்டும் கையெழுத்தும் என் பையில் இருந்தன. அந்த ஊர்ப் பெரியவர்கள் பஸ் ஏறி அங்கே காத்திருப்பார்கள். காலையிலேயே மழை தூறியது. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை.

அவள் வந்து நின்றாள். முதல் தள்ளலில் உருளவில்லை. இரண்டாவதிலும் இல்லை. "ஈரத்துல காலு வழுக்குதுங்க" என்றாள். "இன்னும் ஒரே ஒரு வாட்டி" என்றேன். மூன்றாவது தள்ளலில் வண்டி நகர்ந்து சரிவில் இறங்கியது. கிளட்சை விட்டேன், குலுங்கி இன்ஜின் பிடித்தது. வழக்கம்போல ஜன்னலில் கையை நீட்டி ஆட்டினேன். கண்ணாடியைப் பார்த்தேன்.

அவள் தெருவில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கை தரையில், ஒரு கை வயிற்றில்.

என் கால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து தானாக மேலே வந்தது. இன்ஜின் திணறி இருமியது. அணைந்துவிடும் என்று தெரிந்தது. அணைந்தால் தள்ள ஆளில்லை, புத்தூர் போக முடியாது. களைப்பில் உட்கார்ந்திருக்கிறாள், எழுந்துகொள்வாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்ததும் கால் இறங்கி மிதித்தது.

புத்தூரில் அதிகாரி வரவில்லை. இன்னொரு நாள் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். பெரியவர்கள் ஆளுக்கொரு கிளாஸ் டீ குடித்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார்கள். திரும்பும் வழியில் மலையிறக்கம் முழுவதும் இன்ஜினை அணைத்துவிட்டு வந்தேன். காற்று ஜிலுஜிலுவென்று அடித்தது. எவ்வளவு பெட்ரோல் மிச்சம் என்று சந்தோஷமாகத்தான் இருந்தேன். அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

வாசலில் வாத்தியார் மனைவி நின்றிருந்தாள். "இப்புடா ராவடம்?" என்று தெலுங்கில் கேட்டாள், இப்போதுதானா வருவது என்று. பிறகு ஆஸ்பத்திரி இருக்கும் திக்கைக் காட்டினாள். அவள்தான் ஜட்கா வண்டி பிடித்து என் மனைவியை ஏற்றிக்கொண்டு போயிருந்தாள். கார்க்காரன் பெண்டாட்டி ஜட்காவில் போயிருந்தாள்.

நான் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. பையன்தான். துணியில் சுற்றி ஒரு தட்டில் வைத்திருந்தார்கள். என் உள்ளங்கை அளவுக்குச் சற்றுப் பெரிது. லேடி டாக்டர் என் எதிரிலேயே அவளைக் கேட்டார்.

"கனமா எதுனா தூக்கினியாம்மா?"

"தண்ணிக் கொடம் தூக்கினேம்மா" என்றாள் அவள்.

"புத்தி இருக்கா உனக்கு? இந்த நேரத்துல கொடம் தூக்குவாங்களா?"

"தப்புதாம்மா."

டாக்டர் இன்னும் திட்டினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். தள்ளச் சொன்னவன் நான் என்று சொல்ல வாய் வரை வந்தது. கோர்ட்டில் யார் யாருக்காகவோ மணிக்கணக்கில் பேசுகிற வாய். அன்றைக்கு எச்சிலை விழுங்கிக்கொண்டு நின்றது.

அந்த வாரமே புது பேட்டரி போட்டேன். பொத்தானைத் தொட்டதும் வண்டி கிளம்பியது. அந்தச் சத்தம் கேட்டதும் அவள் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவாள். ஒரு வருஷம் பொறுத்துக் காரை விற்றேன். எல்லையும் ஒரு வழியாகத் தீர்ந்தது. திருத்தணி மதராஸ் பக்கம் போனது. நான் மனுத் தூக்கிய மூன்று கிராமமும் ஆந்திரத்திலேயே இருந்துவிட்டன. எங்களுக்குப் பிறகு குழந்தை தரிக்கவே இல்லை.

கேட்டவர்களிடமெல்லாம் ஒன்றைச் சொல்லிவைத்திருந்தேன்: மழை, கண்ணாடியெல்லாம் ஈரம், பின்னால் எதுவும் தெரியவில்லை. அவளிடமும் அதையே சொன்னேன். பல தடவை சொன்னேன். அவள் ஒரு தடவையும் பதில் சொன்னதில்லை. நம்பிவிட்டாள் என்று வைத்துக்கொண்டேன்.

தலை நரைத்த பிறகு ஒரு மத்தியானம். இரண்டு பேரும் சாப்பிட்டு முடித்திருந்தோம். வெளியே தூறல். எனக்கு என்னவோ போலிருந்தது. "அன்னிக்கு மட்டும் கண்ணாடி தெரிஞ்சிருந்தா நிறுத்தியிருப்பேன்" என்று ஆரம்பித்தேன்.

அவள் தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள். குரலில் கோபம் இல்லை.

"வண்டி கொஞ்சம் மெதுவாச்சு" என்றாள். "பாத்துட்டீங்க, எறங்கி வருவீங்கன்னு நெனச்சேன். அப்புறம்தான் வேகமா போச்சு."

தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.