மாப்பிள்ளைக்கு வந்த நீர்க்கடுப்பு

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது எங்கள் வீட்டில் ஒரு முயல் இருந்தது. முயல் வளர்த்தோம் என்றாலே கறி எப்படி இருக்கும் என்று கேட்பவர்கள் எங்கள் பக்கம் அதிகம். அவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. அம்மாவின் தம்பியான சின்ன மாமா அதைச் சந்தையில் வாங்கி, ஒரு அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டு வந்து எனக்குக் கொடுத்தார். சாம்பல் நிறம், ஒரு காது மட்டும் வெள்ளை. வந்த நாளிலிருந்து அது ஒரு மூலையில் உட்கார்ந்து, கொண்டுவந்து வைப்பதைத் தின்றது. வைக்கத் தாமதமானால் பின்னங்காலால் தரையைத் தட்டியது. அப்பா இரண்டு நாள் பார்த்துவிட்டு, "இது முயல் இல்ல, மாப்பிள்ளை" என்றார். பெயர் நிலைத்துவிட்டது. அப்போது பெண் பார்த்துக்கொண்டிருந்த சின்ன மாமாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை.

எங்கள் ஊர் அரூரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அப்பா கொத்தனார். அம்மா அரூரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றாள். நின்றாள் என்பது பேச்சுக்குச் சொல்வதல்ல. அங்கே வேலை செய்யும் பெண்கள் உட்கார முடியாது. காலை எட்டு மணி பஸ்ஸில் போனால் இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் திரும்புவாள். அதனால் மாப்பிள்ளையின் முழுப் பொறுப்பும் என்னுடையது. அந்தப் பொறுப்பை நான் மிகவும் கறாராக நிறைவேற்றினேன். வந்த வினையே அதுதான்.

முதல் தவறு சின்ன மாமாவுடையது. முயலுக்குத் தண்ணீர் வைக்கக் கூடாது, வைத்தால் வயிற்றுப்போக்கு வந்து செத்துப்போகும் என்று சொல்லியிருந்தார். காட்டில் யார் கிண்ணத்தில் ஊற்றி வைக்கிறார்கள், தழையில் இருக்கும் ஈரமே போதும் என்பது அவர் வாதம். அவர் எதையும் அடித்துச் சொல்கிற ஆள். நான் நம்பினேன்.

இரண்டாவது தவறு எங்கள் எல்லோருடையதும். எங்கள் பக்கத்தில் கேழ்வரகின் மேல் இருக்கும் நம்பிக்கையை வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. பிள்ளை பெற்றவளுக்குக் கேழ்வரகு, கை ஒடிந்தவனுக்குக் கேழ்வரகு, தேர்வு எழுதப் போகிறவனுக்கும் கேழ்வரகு. பள்ளியில் வேறு, கேழ்வரகிலும் முருங்கைக்கீரையிலும் சுண்ணாம்புச் சத்து அதிகம், எலும்புக்கு நல்லது என்று நடத்தினார்கள். மாப்பிள்ளையின் கால்களைப் பார்த்தேன். குச்சி குச்சியாக இருந்தன. அன்றிலிருந்து அதற்குக் காலையில் ஒரு கைப்பிடி கேழ்வரகு, மதியம் முருங்கைக்கீரை, மாலையில் பக்கத்துத் தோட்டத்தில் கறவை மாட்டுக்காகப் போட்டிருந்த குதிரைமசால். எதையும் அது வேண்டாம் என்று சொல்லவில்லை. நான்கு மாதத்தில் மடியில் தூக்கினால் கால் மரத்துப்போகிற அளவுக்குக் கனத்தது.

அது ஒண்ணுக்குப் போன இடமெல்லாம் சிமெண்டுத் தரையில் வெள்ளைத் திட்டாகக் காய்ந்தது. சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றியது மாதிரி இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா தேங்காய் நாரை வைத்துத் தேய்ப்பாள். வீட்டுக்கு வெள்ளையடிக்கும் செலவு மிச்சம் என்று அப்பா கேலி செய்தார். எலும்புக்குச் சத்து ஏறுகிறது, மிச்சம்தான் வெளியே வருகிறது என்று நான் விளக்கம் சொன்னேன். பாதி விளக்கம் சரியென்று பிறகு தெரிந்தது.

ஒரு நாள் அந்தத் திட்டு சிவப்பாக இருந்தது. ரத்தம் என்று நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டார்கூட வந்துவிட்டார்கள். சின்ன மாமா வந்து பார்த்து, முந்தின நாள் பீட்ரூட் தோல் போட்டதை நானே ஒப்புக்கொள்ளும்வரை விசாரித்தார். பிறகு ஒரு வாரம் என்னை எங்கே கண்டாலும் ரத்தம் என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு அவமானமாக இருந்தது. இனி யாரிடமும் எதுவும் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தேன்.

அடுத்த மாதமே உண்மையான தொல்லை வந்தது. மாப்பிள்ளை முதுகைக் கூனிக்கொண்டு, வாலைத் தூக்கி முக்கும். சொட்டு சொட்டாகத்தான் வரும். பின்பக்கம் எப்போதும் ஈரமாக இருந்தது. கேழ்வரகை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. பல்லை நறநறவென்று கடித்தது. இரண்டு நாள் நான் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்கு என்மேல் கோபம் வருவது அந்த இரண்டு நாளுக்காகத்தான்.

மூன்றாம் நாள் காலையில் அம்மா பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அதைப் பார்த்தாள். சற்று நேரம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "இதுக்கு நீர்க்கடுப்பு" என்றாள். எப்படித் தெரியும் என்று நான் கேட்டபோது துண்டைத் தேடத் தொடங்கியிருந்தாள். கடைக்கு அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு, முயலைக் கட்டைப்பையில் துண்டு விரித்து வைத்து, என்னையும் கூட்டிக்கொண்டு அரூர் மாட்டாஸ்பத்திரிக்கு வந்தாள்.

வரிசையில் இரண்டு பசு, ஒரு கன்று, நாலைந்து ஆடு, அவற்றுக்கு நடுவில் நாங்கள். ஆடு கொண்டுவந்த ஒருவர் பையை எட்டிப் பார்த்து, "இதைப் போயி ஆஸ்பத்திரிக்கா? அடுப்புக்கில்ல கொண்டுபோவாங்க" என்றார். அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் தன் ஆட்டைக் கொஞ்சம் தள்ளிக் கட்டிக்கொண்டார். சீட்டு எழுதியவர் பெயர் கேட்டபோது நான் மாப்பிள்ளை என்றேன். அவர் அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு, சிரிக்காமல் அப்படியே எழுதினார்.

டாக்டர் முயலை மேசைமேல் வைத்து, அடிவயிற்றை இரண்டு விரலால் மெதுவாகத் தடவினார். பிறகு லேசாக அழுத்தினார். பற்பசை மாதிரி வெள்ளையாகக் கெட்டியாக வந்தது. என்ன தீனி வைக்கிறீர்கள் என்று கேட்டார். பரிசு வாங்கப் போகிற தோரணையில் நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"கறவை மாட்டுக்கு வெக்கறதெல்லாம் இதுக்கு வெச்சிருக்கியே பாப்பா. தண்ணி?"

"வெக்கறதில்லீங்க சார். ஆகாதுன்னு மாமா சொன்னாரு."

டாக்டர் திட்டவில்லை. பொறுமையாகத்தான் சொன்னார். மற்ற பிராணிகள் தேவையான சுண்ணாம்பை மட்டும் உடம்பில் ஏற்றிக்கொள்ளும். முயல் தின்றதில் இருப்பதையெல்லாம் ஏற்றிக்கொண்டு, வேண்டாததை மூத்திரத்தில் தள்ளும். தள்ளுவதற்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் இல்லாவிட்டால் மூத்திரப்பைக்குள்ளேயே சேறாகத் தங்கும், தங்கினால் கல்லாகும். இனிமேல் காய்ந்த புல்தான் முக்கியச் சாப்பாடு. கூடவே அருகம்புல், கொத்தமல்லித் தழை. தழையைத் தண்ணீரில் அலசி ஈரத்தோடு வைக்க வேண்டும். கிண்ணத்தில் எந்நேரமும் தண்ணீர் இருக்க வேண்டும். உங்கள் ஊர் போர் தண்ணீர் உப்பு, முடிந்தால் நல்ல தண்ணீர் வையுங்கள். மூலையிலேயே உட்காரவிடாமல் ஓடவிடுங்கள். இவ்வளவையும் சொல்லிவிட்டு, தோலுக்கடியில் குளுக்கோஸ் ஏற்றி, வலிக்கு மருந்தும் கொடுத்தார். மறுநாள் சாயங்காலத்துக்குள் நன்றாகப் போகவில்லை என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும், அதுவரை தாங்குமா என்று சொல்ல முடியாது என்றார்.

நான் அழத் தொடங்கினேன். அம்மா முயலைப் பையில் வைத்துக்கொண்டே, அவரைப் பார்க்காமல் கேட்டாள்.

"மனுசருக்கும் இப்படித்தானுங்களா சார்?"

"எல்லாருக்கும் அப்படித்தாம்மா. தண்ணி குடிக்காம, வர்றதையும் அடக்கி வெச்சா உடம்பு எத்தனை நாளைக்குத் தாங்கும்?"

அம்மா தலையாட்டினாள். என்னை ஊர் பஸ்ஸில் உட்காரவைத்து, தெரிந்த கண்டக்டரிடம் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனாள். அப்பாவுக்குத்தான் ஏதோ உடம்பு சரியில்லை, அதனால் கேட்டிருக்கிறாள் என்று வழியெல்லாம் நான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் நல்ல தண்ணீர் என்றால் ஒகேனக்கல் தண்ணீர். அது குழாயில் மூன்று நாளைக்கு ஒருமுறை வரும். நான் குடத்தில் டம்ளரை விட்டபோது அப்பா தடுத்தார். "மனுசனுக்கே பத்தல கண்ணு" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அன்று ஒரு குடம்தான் மிச்சம் இருந்தது. இரவு அம்மா வந்தாள். வழக்கம்போலக் கைப்பையை என் கையில் திணித்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே கொல்லைப்பக்கம் போனாள். திரும்பி வந்ததும் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். காலையில் கடைக்குப் போகும்போது அவள் நிரப்பிக் கொண்டுபோன ஒரு லிட்டர் பாட்டில். கழுத்துவரை இருந்தது.

"இதை ஊத்து" என்றாள்.

மாப்பிள்ளை கிண்ணத்தை முகர்ந்தது. பிறகு நாக்கை நீட்டி, நான் எண்ணி முடிக்க முடியாத வேகத்தில் குடித்தது. அத்தனை மாதத் தாகம். அதைப் பார்த்தபோது நான் அழுததற்குக் காரணம் மகிழ்ச்சி இல்லை.

மறுநாள் பள்ளிக்குப் போகவில்லை. வாசலில் அதை ஓடவிட்டு, பின்னாலேயே நானும் நடந்தேன். மதியம் சோற்று நேரத்தில் அது ஒரு ஓரமாக நின்று, நீளமாக, தடையில்லாமல் போனது. முதலில் கலங்கலாக, கடைசியில் தண்ணீராக. நான் ஓடிப்போய்ச் சொன்னதும் அப்பா, சின்ன மாமா, பக்கத்து வீட்டு அக்கா எல்லோரும் வந்து சுற்றி நின்று பார்த்தார்கள். ஒரு முயல் ஒண்ணுக்குப் போனதை இத்தனை பேர் இவ்வளவு மரியாதையாகப் பார்த்திருக்க மாட்டார்கள். சின்ன மாமா மட்டும், தான் சொன்னது காட்டு முயலுக்கு என்று சமாளித்தார்.

அதற்குப் பிறகு மாப்பிள்ளை ஐந்து வருடம் நன்றாக இருந்தது. கேழ்வரகு நின்றது, முருங்கைக்கீரை எப்போதாவது ஒரு கொத்து. தண்ணீர்க் கவலையும் இருக்கவில்லை. ஒவ்வொரு இரவும் அம்மா கொண்டுவரும் பாட்டில் நிரம்பியே இருந்தது. அதைத் திறந்து கிண்ணத்தில் ஊற்றுவது என் வேலை. கடையில் உனக்குத் தாகம் எடுக்காதா என்று ஒரு முறை கேட்டேன். "எனக்குத் தாகமே எடுக்காது கண்ணு" என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் சொம்பு சொம்பாகக் குடித்ததும், மாதம் ஒருமுறையாவது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு மாத்திரை போட்டதும் என் கண்முன்னால்தான் நடந்தன. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

போன வருடம் தருமபுரியில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒன்பது பெண்கள் நிற்கிற கடையில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. அவசரமென்றால் சூப்பர்வைசரிடம் எல்லோர் முன்னாலும் கேட்டு, பஸ் ஸ்டாண்டுவரை போய்வர வேண்டும். ஒரு முறை கேட்டேன். மறுநாளிலிருந்து காலையில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஐந்தாம் வகுப்பில் என் தோழிகளிடம் நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்: எங்கள் அம்மாவுக்கு என் முயல்மேல் அவ்வளவு பாசம், அதற்காகத் தான் குடிக்காமல் தண்ணீரை மிச்சம் பிடித்துக் கொண்டுவருகிறாள் என்று. முயல் வருவதற்கு முந்தைய வருடங்களிலும் ஒவ்வொரு இரவும் அவள் கைப்பை கனத்துத்தான் என் கைக்கு வந்தது; உள்ளே இருந்த அந்தப் பாட்டிலை நான் திறந்தே பார்த்ததில்லை.