தங்கச்சி பேரில் வாங்கிய மாத்திரை

இரண்டு வருஷம். நுகர்வோர் கோர்ட்டில் வழக்குப் போடச் சட்டம் கொடுக்கும் கெடு அவ்வளவுதான். மனதில் வையுங்கள்.

மாடத்தி கெடுவைத் தாண்டவில்லை. 1997இல் நோய் தெரிந்த கையோடு ராஜபாளையத்தில் பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூர் வக்கீல் சாரங்கபாணி முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். தீட்டு நிற்கும் வயதில் வந்த உடம்புக் கொதிப்புக்கு மில் டாக்டர் எழுதிய ஹார்மோன் மாத்திரையை வருஷக்கணக்கில் விழுங்கியவள் அவள். இப்போது கர்ப்பப்பையில் புற்றுநோய். மாத்திரைதான் காரணமாக இருக்கும் என்று மதுரை டாக்டரே எழுதிக் கொடுத்திருந்தார்.

"டாக்டர் மேலயும் மருந்துக் கம்பெனி மேலயும் கேஸ் போடலாம்மா. மருந்துச் சீட்டக் காட்டுங்க," என்றார் வக்கீல்.

சீட்டில் வெள்ளத்தாய் என்று இருந்தது.

"இது யாரு?"

"எந்தங்கச்சி. அவ மில்லுல இருக்கா. நான் பேண்டேஜ் துணி மடிக்கிற எடத்துல இருக்கேன், எங்களுக்கு ஏது சார் டாக்டரு? மில் டாக்டரப் பாக்க அவ மில்லுக் கார்டத்தான் கொண்டு போவேன். எங்க தெருவுல அம்புட்டுப் பேரும் அப்பிடித்தான்."

"கார்டுல போட்டோ இருக்குமே?"

"இருக்கு. டாக்டரு என்னைக்கு நிமிந்து பாத்தாரு?"

வக்கீல் சிரிக்கவில்லை. "தங்கச்சி வந்து உண்மையச் சொன்னாத்தான் கேஸ் நிக்கும்."

"சொன்னா அவ வேலை போயிருமே."

"போகும்."

மாடத்தி சீட்டை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்தாள். "வேண்டாம் சார். அவளுக்கு ரெண்டு பொட்டப்பிள்ளைக."

டாக்டரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த ஆனியில், இரண்டு வருஷக் கெடு முடியும் முன்பே, மாடத்தி செத்தாள். வயது ஐம்பத்தொன்று.