அட்டிகை காணாமல் போன அன்று நாங்கள் சினிமாவில் இருந்தோம்

கோயமுத்தூருக்குப் பேசும் படம் வந்து சில வருஷங்களே ஆகியிருந்த சமயம் அது. முப்பதுகளின் நடுப்பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.எஸ்.புரத்தில் அப்போதுதான் ஒவ்வொன்றாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. அதில் ஒரு பெரிய வீட்டில் நான் வேலைக்கு இருந்தேன். எனக்குப் பதினேழோ பதினெட்டோ வயது. எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள்தான் இதை எழுதுகிறாள்.

அந்தக் குடும்பத்துக்குச் சிங்காநல்லூர்ப் பக்கம் பெரிய தோட்டம் இருந்தது. என் அப்பாவும் அங்கேதான் வேலை செய்தார். வீட்டுப் பெரியவர் முக்கால்வாசி நாள் தோட்டத்திலேயே தங்கிவிடுவார். டவுன் வீட்டில் எல்லாம் அவர் மனைவி, நாங்கள் பெரியம்மா என்று கூப்பிடுகிறவர், வைத்ததுதான் சட்டம். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஆனால் அவர் நடந்துவரும் ஓசை கேட்டாலே, தூக்கிச் செருகிய சேலையை அவசரமாக இறக்கிவிட்டுக்கொள்வேன். அவருடைய ஒரே மகன் மெட்ராஸில் காலேஜ் படித்தவர். அவரைச் சின்னய்யா என்றும், புதிதாக வந்த மருமகளைச் சின்னம்மணி என்றும் கூப்பிடுவோம்.

சின்னம்மணிக்கு ஒரு தடவையாவது பேசும் படம் பார்க்க வேண்டும் என்று ஆசை. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சின்னய்யா அம்மாவிடம் மெதுவாக இந்தப் பேச்சை எடுத்தார். “நம்மூட்டுப் பொண்ணுக அங்கெல்லாம் போறதில்ல” என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா மோருக்குக் கை நீட்டினார். அதோடு அது முடிந்தது.

முடிந்தது என்று நான்தான் நினைத்தேன். ஒருநாள் சாயங்காலம் பெரியம்மா கோயிலில் கதை கேட்கக் கிளம்பிப் போனார். சமையல்காரம்மாவும் வீட்டுக்குப் போய்விட்டார். சின்னய்யா நேராக அடுப்படிக்கு வந்தார்.

“புள்ளை, நீயும் கெளம்பு. டாக்கிக்குப் போறோம். நாங்க ரெண்டு பேரும் தனியாப் போனா வண்டிக்காரன் ஊரெல்லாஞ் சொல்லிப்போடுவான். நீ கூட வந்தா கோயிலுக்குப் போறோம்னு நெனச்சுக்குவான். கொட்டகைக்குக் கொஞ்சம் முன்னாலயே எறங்கி நடந்துக்கலாம்” என்றார். பின்னால் சின்னம்மணி, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தைப் பார்த்து யாராலும் மாட்டேன் என்று சொல்ல முடியாது.

முன்வாசலில் காவல்காரர் இருந்ததால் பின்கதவு வழியாக வெளியேறினோம். அந்தக் கதவுக்கு உள்ளேதான் தாழ்ப்பாள், வெளியிலிருந்து பூட்ட வழியில்லை. கதவை இழுத்துச் சாத்தி, துவைக்கிற கல்லின் பக்கத்தில் கிடந்த ஒரு கல்லை நகர்த்தி முட்டுக்கொடுத்தேன். நாலடி போனவள் திரும்பி வந்து கதவை இன்னொரு தடவை தள்ளிப் பார்த்தேன்.

கொட்டகையில் என்னையும் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். இங்கிலீஷ் படம். சின்னய்யா கதையைச் சின்னம்மணி காதில் சொல்வார். அதை அவர் என் காதில் சொல்வார். ஒரு திருடன் பணக்கார வீட்டில் நகையை அடிக்க வேலைக்காரன் வேஷத்தில் வந்து சேர்கிறான். வந்த இடத்தில் அந்த வீட்டு வேலைக்காரப் பெண்மேல் ஆசை வைத்துவிடுகிறான். திருடவும் முடியவில்லை, திரும்பிப் போகவும் மனசில்லை. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நகை காணாமல் போனதும் வேலைக்காரர்களை எல்லாம் வரிசையாக நிறுத்தி, ஒரு தொந்தி போலீஸ்காரன் அவர்கள் பெட்டிகளைக் கவிழ்க்கிறான். ஒருத்தி பெட்டியிலிருந்து முழுசாக ஒரு வறுத்த கோழி வந்து விழுகிறது. சின்னம்மணி சிரித்த சிரிப்பில் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. “கதவு சும்மாதானுங்க சாத்தியிருக்குது” என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். “சும்மா இரு புள்ளை, இப்பப் போயிரலாம்” என்று சின்னம்மணி என் கையை அழுத்தினார்.

பெரியம்மா வருவதற்கு முன்பே வீடு வந்துவிட்டோம். கல் மட்டும் வைத்த இடத்திலிருந்து தள்ளிக் கிடந்தது. காட்டினேன். நாய் முட்டியிருக்கும் என்றார் சின்னய்யா.

மறுநாள் காலையில் பெரியம்மாவின் சிவப்புக்கல் அட்டிகையைக் காணோம். முந்தின நாள் ஒரு கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போனதைக் கழற்றித் துணியில் சுற்றி, கோயிலுக்குக் கிளம்பும் அவசரத்தில் அலமாரித் தட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். வேறு ஒரு சாமான்கூடக் கலையவில்லை. தெரிந்தவர்கள் கைவரிசைதான் என்று யாருக்கும் தோன்றும்.

போலீஸ் ஏட்டு வந்தார். கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார்கள். வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டார். “நாங் கோயலுக்குப் போயிட்டனுங்க. மருமக இருந்தா, இந்தப் புள்ளை இருந்தா” என்றார் பெரியம்மா. மகன் வெளியே போயிருந்ததாகத்தான் அவருக்கு எண்ணம்.

என் தகரப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார் ஏட்டு. கூடத்தின் நடுவில் அதைக் கவிழ்த்தார். இரண்டு சேலை, ஒரு சீப்பு, ஒரு கண்ணாடி, பழந்துணியில் சுற்றிய வளையல்கள். கணபதி என்ற ஊரில் எனக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். அவருடைய அம்மா கொடுத்த வளையல்கள் அவை. ஏட்டு அவற்றைத் தரையில் உருட்டிப் பார்த்தார்.

“பொளுது எறங்குனதுக்கு அப்பறம் எங்கிருந்தே?”

“ஊட்லதானுங்க.”

“ஊட்ல எங்க?”

“அடுப்படீல. பாத்தரங் கழுவிட்டிருந்தனுங்க.”

வாசற்படியில் நின்ற காவல்காரர் தலையைச் சொறிந்தார். வயசானவர், பொய் தெரியாதவர். “குடிக்கத் தண்ணி கேட்டு நாலஞ்சு தரம் கூப்புட்டனுங்க. உள்ள யாருமே ஏன்னு கேக்கலீங்க” என்றார்.

ஏட்டு என்னைப் பார்த்த பார்வை மாறிவிட்டது. “சரி, ஸ்டேஷனுக்கு நட” என்றார்.

ஒரு பெண் போலீஸ் ஸ்டேஷனுக்குள் போய்விட்டு வந்தால், குற்றம் இல்லை என்று விட்டாலும் கல்யாணம் நடக்குமா? அப்பாவைத் தோட்டத்தில் வைத்துக்கொள்வார்களா? உண்மையைச் சொல்லிவிடலாம்தான். நான் சொன்னால் யார் நம்புவார்கள்? நம்பிவிட்டால் அதைவிட மோசம். வீட்டைத் திறந்து போட்டுவிட்டுச் சினிமாவுக்குப் போன மருமகளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டால்? நான் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சின்னம்மணியைப் பார்த்தால் எல்லோரும் அவரைப் பார்ப்பார்களே என்று பயம். சின்னய்யா தூணோரம் நின்றது மட்டும் தெரிந்தது.

அப்போதுதான் அறைக் கதவோரத்திலிருந்து குரல் வந்தது. வெளி ஆண்கள் இருக்கும்போது கூடத்துக்கு வராத சின்னம்மணி, நடுக்கூடத்துக்கு வந்து நின்றார்.

“அவளை உடுங்க. அவ என்ற கூட இருந்தா.” பிறகு மாமியார் பக்கம் திரும்பினார். “அத்தை, நாங்க டாக்கிக்குப் போயிருந்தமுங்க. பின்கதவைச் சாத்திப்போட்டுப் போனம்.”

“நாங்கன்னா?” என்றார் பெரியம்மா.

சின்னய்யா தூணை விட்டு வந்து மனைவியின் பக்கத்தில் நின்றார். “நாந்தானுங்கம்மா கூட்டிட்டுப் போனேன்.”

பெரியம்மா மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “என்ன கதை?” என்றார்.

சின்னம்மணி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். “ஒரு திருடனுங்க அத்தை. வேலைக்காரனாட்ட ஒரு ஊட்ல வந்து சேந்துக்குவான். அப்பறம் அந்த ஊட்டு வேலைக்காரப் பொண்ணு மேல...” ஏட்டு சிரிப்பை மறைக்கக் காப்பி டம்ளருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

“அதப் பாத்துச் சிரிச்சீங்களாக்கும்?”

“சிரிச்சமுங்க.”

“இவ?”

“இவ சிரிக்கலீங்க அத்தை. கதவு கதவுன்னே சொல்லிட்டிருந்தா.”

பெரியம்மா எழுந்தார். “ஏட்டய்யா, புள்ளைய உட்டுப்போடுங்க. பின்பக்கமா எவன் வந்தான்னு பாருங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். சின்னம்மணி தரையில் உட்கார்ந்து என் சேலைகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். நான் தடுத்தேன். அவர் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் அதைவிடக் கஷ்டம். மருமகளிடம் பெரியம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே அறையில் இருந்துகொண்டு, “எண்ணெய் எடுத்தாரச் சொல்லு” என்று என்னிடம் சொல்வார். அருகிலேயே நிற்பவரிடம் நான் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொந்தக்காரப் பெண்கள் வந்து குசுகுசுவென்று பேசிவிட்டுப் போனார்கள். பிறந்த வீட்டுக்கு ஆள் அனுப்பப் போகிறார்கள் என்று சமையல்காரம்மா சொன்னார். வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் வந்தது. சின்னம்மணி பாதி நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஒருநாள் கிணற்றடியில் தாங்க முடியாமல் கேட்டேன். “எனக்காக எதுக்குங்க சொன்னீங்க? பேசாம இருந்திருக்கலாமில்லீங்க?”

“உன்னக் கூட்டிட்டுப் போனது நாங்க. நீ ஸ்டேஷன்ல உக்காந்திருந்தா எனக்கு இங்க சோறு எறங்குமா?” என்றார். சொல்லிவிட்டு, “அந்தக் கோழி உளுந்துதே, அதுக்காவது நீ சிரிச்சிருக்கலாம்” என்றார். அன்றைக்குத்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதும் விட்டேன்.

பல வாரம் கழித்துத் திருப்பூரில் ஒருவன் நகை விற்கப் போய் மாட்டிக்கொண்டான். எங்கள் வீட்டுக்குப் பாத்திரங்களுக்கு ஈயம் பூச வந்து போனவன் அவன். கதவு தாழ்ப்பாள் போடாமல் கிடந்ததைப் பார்த்து நுழைந்து, கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறான். அட்டிகை வந்தபோது அதில் இரண்டொரு கல் இல்லை. பெரியம்மா அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். நான் வழக்கம்போல் ஏதாவது சொல்லி அனுப்புவார் என்று காத்து நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

“அம்மணி, இத நீயே உள்ள வெச்சுப் பூட்டு” என்று மருமகளிடம் நீட்டினார். சின்னம்மணி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

பேசி முடித்தபடியே எனக்குக் கணபதியில் கல்யாணம் ஆனது. பிள்ளை குட்டிகளும் ஆயிற்று. பிற்பாடு எத்தனையோ படம் பார்த்துவிட்டேன். வீட்டில் நகை காணாமல் போய் வேலைக்காரியை நிற்க வைக்கிற காட்சி வந்தால் மட்டும், பக்கத்தில் எல்லோரும் சிரித்தாலும் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். அன்று சின்னம்மணி வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், நான்கூட. ஒருவரும் கேட்காமல், தன் வாழ்க்கை என்ன ஆகும் என்றும் தெரியாமல், “அவ என்ற கூட இருந்தா” என்று அவர் சொன்னதை மட்டும் ஒரு எழுத்துகூட மாறாமல் எழுது என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன்.